மணி அடிப்பதற்கு முன்

எங்கள் பள்ளிக்கூடத்து மணிச் சத்தம் எனக்குக் காதில் கேட்டதேயில்லை, பல்லில்தான் கேட்டது. வராந்தா விட்டத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை வாட்ச்மேன் சவரிமுத்து இரும்புக் கழியால் ஓங்கி அடித்தால், அந்தச் சத்தம் என் கடைவாய்ப் பல்லில் தொடங்கி, தாடை வழியாக ஏறி, கண்ணுக்குப் பின்னால் போய் நிற்கும். பழைய காசைச் சப்பியதுபோல வாயில் ஒரு ருசி ஊறும். மற்றப் பிள்ளைகள் அதே சத்தத்தைக் கேட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி ஓடுவதைப் பார்த்து, இவர்களுக்கெல்லாம் எப்படி வலிக்காமல் இருக்கிறது என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். எல்லோருக்கும் வலிக்கத்தான் செய்கிறது, பொறுத்துக்கொள்ள எனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று அந்த வயதில் நானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

திண்டுக்கல்லில் பேகம்பூரை ஒட்டியிருந்த ஒரு சின்னத் தொடக்கப்பள்ளி அது. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். பஸ் ஸ்டாண்டுக்கும் எங்கள் பக்கத்துக்குமாக நாள் முழுக்க ஆள் ஏற்றி இறக்குவார். அம்மா ஊருக்கு வெளியே ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தாள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்க, மில்லில் தந்த நீலக் கோட்டு அணிந்தபடியே வீடு வந்து சேர்வாள். நான் அவர்களுக்கு ஒரே பிள்ளை. சோற்றின்மேல் குழம்பு பட்டுவிட்டால் அந்தத் தட்டைத் தொடமாட்டேன். தொட்டுக்கொள்கிற வெஞ்சனம் தனிக் கிண்ணத்தில் இருக்க வேண்டும். அம்மா மில்லிலிருந்து கொண்டுவரும் நூல் சுற்றும் உடைந்த காகிதக் கோன்களை நுனியின் நிறம் பார்த்துச் சுவரோரமாக வரிசையில் நிறுத்துவேன். பெருக்கும்போது ஒன்று இடம் மாறிவிட்டால் அன்று சாயங்காலம் முழுக்க வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. கூப்பிட்டால் திரும்பமாட்டேன், கண்ணைப் பார்த்துப் பேசமாட்டேன். தெருவில் எனக்கு "அமுக்கினி" என்று பெயர், உறவுக்காரர்களிடம் "பிடிவாதக்காரி". கொஞ்சம் இரக்கமுள்ளவர்கள் குரலைத் தாழ்த்தி, "சுகந்தி ஒரு மாதிரிப் பிள்ளை" என்பார்கள்.

மூன்றாம் வகுப்புவரை எப்படியோ ஓடிவிட்டது. நான்காம் வகுப்பு அறை வராந்தாவின் கடைசியில், மணிக்கு நேர் எதிரே இருந்தது. வகுப்பு டீச்சர் ஸ்டெல்லா கண்டிப்பானவர், கெட்டவர் அல்ல. எல்லாரும் எல்லாரோடும் பழக வேண்டும் என்று வாரத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைப்பார். புது இடத்தில் சுவரின் காரை வேறு மாதிரி உதிர்ந்திருக்கும், வெளிச்சம் வேறு பக்கமிருந்து வரும், பக்கத்துப் பிள்ளையின் தலையில் வேறு எண்ணெய் வாடை அடிக்கும்; அத்தனையையும் முதலிலிருந்து பழகிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாரம் வந்துவிடும். காலையில் முதல் வேலையாக எல்லாரும் சேர்ந்து வாய்ப்பாட்டைக் கத்திச் சொல்ல வேண்டும். எனக்கு வாய்ப்பாடு தெரியும். அந்தச் சத்தத்துக்குள் என்னுடைய குரலைக் கண்டுபிடிக்கத்தான் தெரியாது. வாயை மூடிக்கொண்டு நிற்பேன். திமிர் என்று பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்துவார்கள்.

ஐப்பசி மழை கொட்டிய ஒரு நாள், இடைவேளையில் பிள்ளைகள் வெளியே போக முடியாமல் எல்லா வகுப்பும் வராந்தாவிலும் எங்கள் அறையிலுமாக அடைந்துகொண்டு கூச்சல் போட்டார்கள். தகரக் கூரையில் மழை விழுகிற ஓசை வேறு. அந்த நேரத்தில் மணி அடித்தது. நான் பெஞ்சுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டேன். ஸ்டெல்லா டீச்சர் குனிந்து, "எந்திரி சுகந்தி, வெளிய வா" என்று தோளைப் பிடித்து இழுத்தார். அந்த நொடியில் அது டீச்சருடைய கை என்றுகூட எனக்குத் தெரியவில்லை. என்மேல் வந்து விழுகிற எல்லாவற்றிலும் அதுவும் ஒன்றாக இருந்தது. மணிக்கட்டில் கடித்துவிட்டேன். ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு அறையில் இருந்த அமைதி மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் அப்பாவையும் அம்மாவையும் வரச் சொன்னார்கள். தலைமையாசிரியை, நாங்கள் "பெரிய டீச்சர்" என்று சொல்கிறவர், அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

"எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா இம்புட்டுப் பிள்ளைகள வச்சுக்கிட்டு இவ ஒருத்திய மட்டும் பாத்துக்கிட்டு இருக்க முடியாதுங்க. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னு தனி ஸ்கூல் இருக்கு, விசாரிங்க. இந்தப் பருவம் முடியட்டும், டி.சி. தந்துர்றேன்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா கையை ஓங்கினார். அதுவரை அவர் என்னை அடித்ததில்லை. அம்மா நடுவில் வந்து நின்றாள்; ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தொப்பம்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தைக்குச் செய்தி போய், அவள் அடுத்த வாரமே கிளம்பி வந்துவிட்டாள்.

"ஏனுங்கண்ணா, புள்ளைய ஒரு நடை நம்மூருக்குக் கூட்டிட்டு வாங்க. எங்கயோ பயந்துருக்குதுங்க. மந்திரிச்சு ஒரு கவுறு கட்டுனாச் சரியாப் போயிருமுங்க" என்றாள் அத்தை.

அப்பா அரை மனதாகத் தலையாட்டினார். அம்மா அத்தைக்கு டீயைக் கொடுத்துவிட்டு, "கவுறு கட்டிக்குவோம் அண்ணி, அதுல ஒண்ணும் இல்ல. ஆனா மொதல்ல ஒரு டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துர்றோம்" என்றாள்.

திண்டுக்கல் டாக்டர் மதுரைக்குப் போகச் சொன்னார். மதுரையில் ஒரு பெண் டாக்டர் என்னிடம் ஒன்றுமே கேட்காமல், மேசைமேல் கொஞ்சம் கட்டைகளைப் போட்டுவிட்டு அம்மாவிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் கட்டைகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆட்டிசம் என்கிற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் அதற்கு முன்பு கேள்விப்பட்டதில்லை.

"அதோட சில குணங்கள் இவகிட்ட இருக்கும்மா" என்றார் டாக்டர். "நமக்கு ஒரு சத்தத்தக் கவனிச்சா மத்தச் சத்தமெல்லாம் பின்னால போயிரும். இவளுக்கு எல்லாமே முன்னால வந்து நிக்குது. அடம் இல்ல இது. இப்படித்தான் பொறந்திருக்கா. படிப்பு வரும், பேச்சும் வரும். எது கஷ்டமா இருக்குன்னு பாத்து, அத ஒவ்வொண்ணாக் கொறச்சுக் குடுங்க. பள்ளிக்கூடத்துலயும் பேசுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். சின்னாளபட்டி தாண்டியதும் அப்பா, "பேரு வச்சுட்டா மட்டும் சரியாப்போயிருமா?" என்றார். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "சரியாவுதோ இல்லையோ, திமிருன்னு இனிமே யாரும் சொல்ல முடியாதுல்ல" என்றாள்.

அம்மா மில்லில் கேட்டுக் காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். நான் எழுந்திருக்கும் முன்பே போய்விட்டு, ஷிப்டு முடிந்ததும் மில் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே பள்ளிக்கூடத்துக்கு வருவாள். முதல் நாள் வந்தபோது ஸ்டெல்லா டீச்சர் வாசல் படியில் நின்றுகொண்டே, என்ன சொல்லப்போகிறாளோ என்று பார்த்தார். அம்மா என்னைப் பற்றிப் பேசவில்லை. "கையக் காட்டுங்க டீச்சர்" என்றாள். மணிக்கட்டில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அம்மாவின் கண் கலங்கியது. அதற்குப் பிறகு டீச்சர் அவளை உள்ளே வரச் சொல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

டாக்டர் சொன்னதையெல்லாம் அம்மா தனக்குத் தெரிந்த வார்த்தைகளில் சொன்னாள். டீச்சர் கேட்டுக்கொண்டார். "இடத்த மாத்தாம வச்சுக்கலாம், ஜன்னல் ஓரமா அவளே உக்காந்துக்கட்டும். வாய்ப்பாட்ட எழுதிக் காட்டச் சொல்றேன். ஆனா மணிய நான் என்ன செய்றது? இவளுக்காக மணி அடிக்காம இருக்க முடியுமாங்க?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "எங்க மில்லுல பஞ்ச உருட்டிக் காதுல வச்சுக்கிட்டுத்தான் நிப்போம். சேந்த புதுசுல சங்கு ஊதுனா எனக்குத் தூக்கிவாரிப் போடும். இப்ப கடிகாரத்தப் பாத்துக்கிட்டே இருப்போம், இந்தா ஊதப்போறான்னு தெரியும், ஒண்ணும் பண்ணாது. இவளுக்கும் முன்னாடியே தெரிஞ்சா தாங்கிக்குவாளோ என்னமோ."

டீச்சர் தன் வீட்டிலிருந்து ஒரு சின்ன மேசைக் கடிகாரம் கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் என் முன்னால் வைத்தார். அந்த ஏற்பாடு பலிக்கவில்லை. சவரிமுத்து கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர் அல்ல. எதிர் டீக்கடையில் பேச்சு முடிந்தால்தான் மணி அடிப்பார். முள் வரவேண்டிய இடத்துக்கு வந்து, நான் காதைப் பொத்திக்கொண்டு காத்திருக்க, மணி வராது. இதோ இதோ என்று உடம்பெல்லாம் இறுகிக் கை வலித்துக் கையை எடுக்கிற நேரத்தில் அடிப்பார். முன்பைவிட மோசமாகிவிட்டது. ஒருநாள் கடிகாரத்தைத் தூக்கி வெளியே போட்டுவிட்டேன்.

ஸ்டெல்லா டீச்சர் அதைப் பொறுக்கிக்கொண்டு சவரிமுத்துவிடம் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து சவரிமுத்து மணி அடிக்கும் முன்பு எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு வந்து, கம்பிக்கு வெளியே நின்று, உள்ளங்கையை விரித்து எனக்குக் காட்டினார். நான் அம்மா உருட்டித் தந்திருந்த பஞ்சைக் காதுக்குள் அழுத்தி, மேலே கையையும் வைத்துக்கொள்ளும்வரை அப்படியே நிற்பார். பிறகு மெதுவாக நடந்துபோய் அடிப்பார். சத்தம் வந்தது, பல்லில் கேட்டது, ஆனால் என்னைத் திருடன்போல வந்து தாக்கவில்லை.

இதைப் பார்த்துவிட்டு வகுப்பில் பிள்ளைகளும் காதைப் பொத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். முதலில் கேலிக்காகத்தான். பிறகு அதுவே பழக்கமாகி, ஜன்னலில் அந்த உள்ளங்கை தெரிந்ததும் மொத்த வகுப்பும் காதைப் பொத்திக்கொண்டு மணிக்காகக் காத்திருக்கும். ஸ்டெல்லா டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் நான் மற்றவர்கள் செய்வதையே செய்துகொண்டிருந்த நேரம் அது ஒன்றுதான்; உண்மையில் அவர்கள்தான் நான் செய்ததைச் செய்துகொண்டிருந்தார்கள்.

பெரிய டீச்சர் டி.சி. பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தார். தைக்கு அப்புறம் ஒருநாள், பள்ளியைப் பார்வையிட அதிகாரிகள் வந்தார்கள். வாசலில் கோலம், மரத்துக்கு மரம் காகிதத் தோரணம். ஸ்டெல்லா டீச்சர் மாம்பழ நிறத்தில் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார். சவரிமுத்துவை நாற்காலி வாங்கிவர அனுப்பிவிட்டார்கள். வேறு யாரோ ஒருவர் மணிக் கழியை எடுத்து, அதிகாரிகள் வந்த உற்சாகத்தில், நிறுத்தாமல் அடித்தார். ஜன்னலில் கை எதுவும் தெரியவில்லை. நான் பையைக்கூட எடுக்காமல் எழுந்து ஓடினேன். வராந்தா, வாசல், சாலை. லாரி ஒன்று பிரேக் போட்டுக் கிறீச்சிட்டது பின்னாலிருந்து கேட்டது. நான் நிற்கவில்லை. தினமும் போகிற வழியிலேயே ஓடி வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கவாட்டில் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே பெரியவர்கள் நுழைய முடியாத சந்து உண்டு. அதற்குள் போய் முதுகைச் சிமெண்டில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

வெகுநேரம் கழித்து செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா என்று நினைத்தேன். ஸ்டெல்லா டீச்சர். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது, பூ சரிந்து தோளில் தொங்கியது. என்னைப் பார்த்துவிட்டார். இழுக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஈரத் தரையில், அந்தப் பட்டுச்சேலையோடு அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்காமல் எதிரே இருந்த முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் அதிகாரிகள் அவருடைய வகுப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. மரத்திலிருந்து அணில் இறங்கிற்று, திரும்ப ஏறிற்று.

"வாரியா தாயி?" என்றார் கடைசியில், மரத்தைப் பார்த்தபடியே. "இல்ல, இன்னும் செத்த நேரம் இருப்போமா?"

"செத்த நேரம்" என்றேன்.

கேட்ட கேள்விக்கு ஒரு டீச்சரிடம் நான் வாயைத் திறந்து பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு, பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

மறுநாள் பெரிய டீச்சர் அறையில் எல்லோரும் இருந்தோம். அவர் கோபத்தில் இல்லை, பயந்திருந்தார். அது குரலிலேயே தெரிந்தது.

"அந்த ரோட்டுல லாரியும் பஸ்ஸுமாப் போகுது. நேத்து இவளுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா, நீங்களே வந்து என்னத்தானே கேப்பீங்க? கேப்பீங்களா மாட்டீங்களா?"

அப்பா தலை குனிந்திருந்தார். "கேப்பேன் டீச்சர்" என்றார்.

"அப்புறம் எப்படி நான் வச்சுக்கிறது?"

அப்பா பொது இடத்தில் பேசுகிற ஆள் அல்ல. ஆட்டோவில்கூட ஊர்ப் பெயரைத் தவிர வேறு எதுவும் அவர் வாயிலிருந்து வராது. அன்று அவரே தொடங்கினார். "வாசல ஒட்டிப் புளியமரம் இருக்குல்ல டீச்சர். மணி அடிக்கிற நேரத்துக்கெல்லாம் நான் ஆட்டோவ அங்கன கொண்டாந்து நிப்பாட்டிர்றேன். ஓடுனாலும் எங்கிட்டத்தான் வந்து நிப்பா. பின்னால உக்காத்தி வச்சுக்கிட்டு, சரியானதும் நானே கொண்டாந்து விட்டுர்றேன்."

"தெனமும் முடியுமாப்பா? பொழப்பு என்னாகுறது?"

"பொழப்ப நான் பாத்துக்கிறேன். பிள்ளைய நீங்க பாத்துக்கங்க."

அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். இதை அவர் அவளிடமும் சொல்லியிருக்கவில்லை. அப்போது, சுவரோரமாக நின்றிருந்த ஸ்டெல்லா டீச்சர், "என் கிளாஸ்லயே இருக்கட்டும் மேடம்" என்றார். "அடுத்த வருசம் அஞ்சாப்பையும் எனக்கே குடுத்துருங்க. புதுசா ஒருத்தங்க வந்து இவளத் தெரிஞ்சுக்கிறதுக்குள்ள அந்த வருசம் முடிஞ்சுரும்."

பெரிய டீச்சர் வெகுநேரம் என்னைப் பார்த்தார். நான் அவர் மேசைமேல் இருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பாப்போம்" என்றார். அந்த ஒரு சொல்லில் நான் ஐந்தாம் வகுப்பையும் அங்கேயே முடித்தேன்.

அதன்பிறகு எல்லாம் சுகமாக நடந்தது என்று எழுதினால் அது உண்மையாக இருக்காது. வாசலைத் தாண்டி ஆட்டோவில் போய் விழுந்த நாட்கள் பல. அப்பா எதுவும் கேட்கமாட்டார். எஞ்சினை அணைத்துவிட்டு, பக்கத் திரையை இறக்கிவிட்டு, முன் சீட்டில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். ஏறிக்கொள்ள வந்தவர்களிடம் கையால் வேண்டாம் என்று சைகை காட்டுவார். என் மூச்சு ஒழுங்காகிற சத்தத்தைக் கேட்டுத்தான் எழுந்திருப்பார் என்று நினைக்கிறேன். நான் சொல்லாமலே அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியாது. "அந்தப் பிள்ளைக்கு மட்டும் என்ன தனிச் சலுகை" என்று வாசலில் சண்டை போட்ட பெற்றோரும் உண்டு. ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்குப் போனபோது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அம்மா மறுபடியும் நீலக் கோட்டோடு ஒவ்வொரு டீச்சர் முன்னாலும் போய் நின்றாள். சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. கேட்காதவர்களையும் தாங்குகிற அளவுக்கு முதல் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஏதோ சேர்ந்திருந்தது.

இப்போது நான் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். விவசாயிகள் பையில் கட்டிக் கொண்டுவரும் மண்ணைக் காயவைத்து, சலித்து, அதில் என்ன இருக்கிறது, என்ன குறைகிறது என்று பார்த்துச் சொல்வது வேலை. அமைதியான அறை. பழைய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்து, வேறு பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் இன்று சின்ன வெங்காய மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. அம்மாவின் மில் மூடிப் பல காலமாகிறது. சவரிமுத்து இல்லை. ஸ்டெல்லா டீச்சர் சாணார்பட்டிப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்குப் போனால், அதிகம் பேசாமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்துவிட்டு வருவோம். அப்பாவுக்கு மூட்டுவலி, ஆட்டோவை விற்றாயிற்று.

இவை மறைந்துபோனதில் எனக்குப் பெரிய வருத்தம் என்று சொல்ல முடியாது. ஒன்று மறைந்தது குறித்து மகிழ்ச்சிதான்.

அம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. என் படிப்போடு தொடர்புடைய யாரைத் தெருவில் பார்த்தாலும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, உதட்டை மடித்து நிற்பாள். அடுத்து என்ன குறை சொல்லப்போகிறார்களோ, அதை எப்படித் தாங்குவது என்பதற்கான நிற்பு அது. நான் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் அது போகவில்லை. போன பொங்கலுக்கு முன் அம்மாவும் நானும் கடைவீதியில் மஞ்சள்கொத்து வாங்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் பரிசோதனைக் கூடத்து அதிகாரி மேடம் எதிரே வந்தார். "நீங்கதான் சுகந்தி அம்மாவா? உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு இருந்தேன்" என்றார். அம்மாவின் கை முந்தானைக்குப் போனது. முதுகு நிமிர்ந்தது.

"டீ நேரத்துல எங்களோட வந்து உக்கார மாட்டேங்குறாங்கம்மா. தனியாவே இருக்காங்க. நீங்களாச்சும் சொல்லக்கூடாதா?"

அம்மா அதற்கு மேலும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள். மேடம் சிரித்தபடி மஞ்சள்கொத்து என்ன விலை என்று விசாரித்துவிட்டு, பொங்கல் வாழ்த்துச் சொல்லிக் கிளம்பினார். அவர் கூட்டத்தில் மறையும்வரை அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்புட்டுத்தானா?" என்று கேட்டாள்.

"அம்புட்டுத்தாம்மா."

செருகியிருந்த முந்தானையை எடுத்துத் தளர விட்டுக்கொண்டு, அம்மா கடைக்காரரிடம் இன்னொரு மஞ்சள்கொத்தும் தரச் சொன்னாள்.